மாப்பிள்ளைத் தோழனுக்கு ஆறாம் மாதம்

"லியாங் அக்கா, உங்களுக்கு இந்த நிறம் எடுப்பா இருக்கும்."

தாஷான் இப்படிச் சொல்லிக்கொண்டே எங்கள் சோபாவின் மேல் ஒரு நீளமான பிளாஸ்டிக் உறையைக் கிடத்தி ஜிப்பைத் திறந்தாள். உள்ளே பீச் பழ நிறத்தில் ஒரு கவுன். மார்புக்குக் கீழே சுருக்கம் வைத்துக் கணுக்கால் வரை தொங்கவிட்ட, இடுப்பு என்ற ஒன்றே இல்லாத கவுன்.

எனக்குக் கவுனை விட அந்த 'அக்கா'தான் முதலில் சுட்டது. பதினைந்து வருடமாக தாஷான் வாயில் என் லியாங் 'அண்ணே'தான். "அண்ணே, பைக் சாவியக் குடுடா" என்று அண்ணனையும் டாவையும் ஒரே மூச்சில் கலந்து பேசுகிறவள். இன்று அக்கா. போதாததற்கு 'உங்களுக்கு'.

லியாங் முக்காலியின் மேல் வலது ஷூவை வைத்துப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துதான் போடுவாள். இப்போது வயிறு மடங்க விடுவதில்லை. அவள் துணியைக் கீழே வைக்காமல் கவுனைப் பார்த்தாள்.

"யாருக்கு இது?"

"உங்களுக்குத்தான். ஜிங்வென்னோட தோழிங்க எல்லாருக்கும் இதே நிறம். இது மட்டும் கொஞ்சம் தாராளமா தைக்கச் சொன்னேன்."

"உன் கல்யாணத்துல நான் எதுக்குடா பொண்ணு பக்கம், ஜிங்வென் பக்கம் நிக்கணும்? உன் பக்கம்ல நிக்கப் போறேன்?"

தாஷான் தன் சட்டைக் கஃபை இழுத்து விட்டுக்கொண்டாள். சங்கடம் வந்தால் கஃபை இழுப்பது அவள் பழக்கம். "அம்மா ஒரே பிடியா நிக்கறாங்க. கர்ப்பமா இருக்கறவங்க கல்யாணத்துல முன்னாடி நிக்கக் கூடாதாம். சந்தோஷத்தோட சந்தோஷம் மோதிக்குமாம். உங்க குழந்தைக்கும் ஆகாது, எங்க வாழ்க்கைக்கும் ஆகாதுன்னு சொல்றாங்க. நான் சண்டை போட்டு, சரி, பொண்ணுங்களோட பொண்ணா, பின் வரிசைல ஒரு ஓரமா நிக்கட்டும்னு சம்மதிக்க வச்சேன்."

"பொண்ணுங்களோட பொண்ணா" என்று லியாங் திருப்பிச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. வீடு பார்க்க வந்தவர் சொல்லும் விலையைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிற தரகரின் குரல் அது. அவள் வேலையும் அதுதான். காவ்சியுங் நகரம் முழுக்க சூட்டும் டையுமாக ஏறி இறங்கி வீடு விற்கிறாள்.

நான் சும்மா இருக்கவில்லை. "தாஷான், எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை வருஷம் என்னை அண்ணின்னு கூப்பிட்ட. இவ அக்கான்னா நான் உனக்கு என்ன முறை? அக்கா புருஷனா?"

"அண்ணி, நீங்க வேற..."

"பாத்தியா, நான் மட்டும் இன்னும் அண்ணியாவே இருக்கேன். அண்ணன் இல்லாம அண்ணி எங்கேர்ந்து வந்தா?"

தாஷான் அதோடு கிளம்பிவிட்டாள். கவுன் சோபாவிலேயே கிடந்தது. அன்று மாலை வரை நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசை நாற்காலிகளில்தான் உட்கார்ந்தோம்.

எங்கள் கூட்டத்தில் பெண்ணைக் காதலிக்கிற பெண்ணை யாராவது அறிமுகம் செய்தால், பெயருக்கு அடுத்த கேள்வி ஒன்று உண்டு. நீ டீயா, போவா? டீ என்றால் தலைமுடியை ஒட்ட வெட்டி, மார்பைப் பட்டையால் இறுக்கி, சட்டையை உள்ளே விட்டு நடக்கிறவள். போ என்றால் அவள் கைப்பிடித்த பெண்டாட்டி, என்னைப் போல. இரண்டும் இல்லை என்கிறவர்களுக்குப் 'பிரிக்காதவள்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அதைச் சொல்லும்போது எல்லார் முகத்திலும், சாதத்தில் கல் கடித்த மாதிரி ஒரு சுளிப்பு வரும். பெற்றவர்களும் பள்ளிக்கூடமும் எங்களை ஒரு பெட்டிக்குள் அடைத்தபோது உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள்தாம் நாங்கள். வந்த கையோடு இரண்டு சின்னப் பெட்டிகள் செய்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டோம்.

லியாங் டீ. அதிலும் எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்கிற டீ. டையை முடிந்தால் முடிச்சின் கீழே ஒரு சிறு பள்ளம் விழ வேண்டும் என்பாள். கோட்டுப் பையில் வைக்கும் கைக்குட்டையும் டையும் ஒரே துணியில் இருந்தால், "கடைக்காரன் சேர்த்துக் கட்டிக் குடுத்தானா?" என்று கேட்பாள். தாஷானுக்கு முதல் டை முடிச்சைப் போட்டுவிட்டதே லியாங்தான். இருபது வயதில், இரவல் கோட்டுகளில், இருவரும் ஒரு வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். சட்டம் வருகிறதோ இல்லையோ, யாருக்கு எப்போது கல்யாணம் நடந்தாலும் மற்றவன் வலது பக்கம் நிற்க வேண்டும். எங்கள் கல்யாணத்தில் தாஷான் நின்றாள். என்னை விட அதிகமாக அழுதவளும் அவள்தான்.

பிள்ளை வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவள் நான். எங்கள் ஊர்ச் சட்டம் எங்களுக்குக் கல்யாணத்தைக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கான ஆஸ்பத்திரிக் கதவை மட்டும் மூடி வைத்திருக்கிறது. ஆகவே கடல் தாண்டிப் போனோம். என் உடம்பில் நிற்கவில்லை. மறுபடியும் போனோம். அப்போதும் நிற்கவில்லை. திரும்பி வரும் விமானத்தில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த என்னிடம் லியாங் கேட்டாள், "நான் சுமக்கட்டுமா?" அவளிடம் நான் கேட்டிருக்கவே மாட்டேன். என் கனவில்கூட அந்தக் கேள்வி வந்ததில்லை. மூன்றாம் மாதம் டாக்டர் மார்புப் பட்டையைக் கழற்றச் சொன்னபோது, அதை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டுக் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி வெகு நேரம் நின்றாள். பிறகு ஒரு அளவு பெரிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளைத்தான் பீச் நிறக் கவுனுக்குள் போகச் சொன்னார்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லாருக்கும் கரும்பச்சை நிறத்தில் ஒரே மாதிரி சூட். லியாங்குடையதைத் தையல்காரர் வயிறு தெரிவதற்கு முன்பே அளவெடுத்திருந்தார். அதைத் திருத்த நாங்கள் போன நேரத்தில், பட்டாளம் முழுதும் அங்கேதான் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் நுழைந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஷியாவ்ஹே வாயைத் திறந்தாள். கூட்டத்திலேயே இளையவள், நாக்கு மட்டும் நீளம்.

"இரும்பு டீன்னு பேரு வாங்கின ஆளு. இப்ப பாரு, பால் டீ ஆயிட்டான்!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் வரை சூடேறியது. லியாங் கோட்டைக் கழற்றித் தையல்காரரிடம் கொடுத்தபடி சொன்னாள், "சர்க்கரை கம்மி, ஐஸ் வேண்டாம். டாக்டர் சொல்லியிருக்காரு."

இப்போது இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். ஆனால் தாஷான் சிரிக்கவில்லை. "அக்கா, கவுன் புடிக்கலயா?"

"சூட்டு தச்சாச்சு. வீணாக்க மனசு வரல."

"அம்மா சொன்னாங்கன்னு சொன்னேன்ல?"

"அம்மா சொன்னத விடு. நீ என்ன சொல்ற?"

தாஷான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "போட்டோல எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. வரிசையா டீங்க நிக்கறோம். நடுவுல ஒரு வயிறு. பாக்கறவன் என்ன சொல்லுவான்? 'பாத்தியா, கடைசில எல்லாம் பொம்பளதான்'னு சொல்லுவான். அதக் கேக்காம இருக்கத்தானே இத்தனை வருஷம் பாடுபட்டோம்?"

"பிள்ள பெத்துக்கற டீ டீயே இல்லண்ணே. பிரிக்காதவ கணக்குல வரும்" என்றாள் ஷியாவ்ஹே, ஏதோ சட்டப் பிரிவு சொல்வது போல.

"ஏய், உன் கணக்கு வாத்தியார் யாரு?" என்று நான் கத்திவிட்டேன். "மாசா மாசம் உனக்கு வயித்து வலி வர்றப்ப இடுப்பப் புடிச்சுட்டு என் கடைக்கு வருவியே, சுடுதண்ணிப் பை கேட்டு? அன்னிக்கு நீ டீயா? இல்ல அந்த நாலு நாளைக்கு லீவா?"

ஷியாவ்ஹேயின் முகம் சிவந்துவிட்டது. லியாங் என் முழங்கையைத் தொட்டாள். "ரூயுன். போதும்."

எனக்குப் போதவில்லை. உடம்பைப் பற்றி வீதியில் போகிற எவனோ ஒருவன் பேசினால் தாங்கிக்கொள்ளலாம். நம்மோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் பேசுகிறார்கள். அதுவும் யாரைப் பற்றி? அவர்கள் ஒவ்வொருவருக்கும் முதல் கோட்டு எங்கே கிடைக்கும், எந்தச் சலூனில் கேள்வி கேட்காமல் முடி வெட்டுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தவளைப் பற்றி.

தையல்காரர் பெல்ட் வேண்டாம், தோளில் மாட்டும் சஸ்பெண்டரே போதும் என்று சொல்லி, வெயிஸ்ட்கோட்டின் முதுகுப் பக்கத்தைப் பிரித்து இடம் விட்டார். வீடு திரும்பும் வழியில் லியாங் ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவள் வயிறு என் முதுகில் இடித்தது.

மறுநாள் காலை நான் மட்டும் ஃபெங்ஷான் சந்தைக்குப் போனேன். தாஷானின் அம்மா அங்கே பால்மீன் விற்கிறாள். அவளிடமே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். பேசவேண்டியதை எல்லாம் வழியிலேயே அடுக்கி வைத்துக்கொண்டேன். இவ்வளவு சாஸ்திரம் பார்க்கிற நீங்கள் பெண்ணுக்கும் பெண்ணுக்கும் கல்யாணம் செய்ய எந்தச் சாஸ்திரத்தில் இடம் பார்த்தீர்கள் என்று தொடங்குவதாக இருந்தேன்.

என்னைப் பார்த்ததும் அவள் கையுறையைக் கழற்றினாள். "வாடி கண்ணு! லியாங் எப்படி இருக்கா? மீன் வயித்துத் துண்டு எடுத்து வச்சிருக்கேன். முள்ளு எடுத்தாச்சு. இஞ்சி போட்டுக் கஞ்சி வையி."

"அத்தை, லியாங் கல்யாணத்துல முன்னாடி நிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களாமே?"

"யாரு? நானா?"

"சந்தோஷத்தோட சந்தோஷம் மோதும்னு."

"மோதும்தான். அதுக்குத்தான் பரிகாரம் இருக்கே! கல்யாணப் பொண்ணும் வயித்துக்காரியும் போட்டிருக்கற பூவ மாத்திக்கிட்டா முடிஞ்சது. என் கல்யாணத்துல என் நாத்தனாரு எட்டு மாசம். மாத்திக்கிட்டோம். அவ பையன் இப்ப லாரி ஓட்டறான், ஒரு கொறையும் இல்ல." அவள் கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினாள். "நிக்க வேண்டாம்னு நான் ஏன் சொல்லப் போறேன்? நிக்கணும்னுல சொன்னேன்! அவளப் பாத்தாவது எங்க வீட்டுல இருக்கறதுக்கு புத்தி வரட்டும்னுதான்."

"என்ன புத்தி?"

"லியாங்கும் மாப்பிள்ள மாதிரி கோட்டுப் போடறவதானே? அவ சுமக்கலயா? நீயும் ஒண்ணு பெத்துக் குடேன்னு கேட்டேன். ஜிங்வென்னுக்கு நாப்பது ஆவப் போவுது. உனக்குத்தான் வயசு இருக்கு, உள்ள எல்லாம் சும்மாதானே கெடக்குதுன்னேன். அதுக்கு என்ன ஆட்டம்! சோத்துக் கிண்ணத்தத் தூக்கி அடிச்சா. மூணு நாளு வீட்டுக்கே வரல."

வழியெல்லாம் நான் அடுக்கி வைத்த பேச்சு அந்த இடத்தில் சரிந்துபோனது. தாஷான் எதற்குப் பயந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. லியாங் அந்தக் கோட்டோடும் வயிற்றோடும் ஊர் முன்னால் நின்றால், நாளைக்குத் தன் வயிற்றையும் ஒவ்வொரு அத்தையும் சித்தியும் உற்றுப் பார்ப்பார்களே என்று பயந்திருக்கிறாள். அந்தப் பயத்தை அம்மாவின் சாஸ்திரமாக மாற்றி, லியாங் தலையில் கட்டியிருக்கிறாள்.

"அத்தை, சும்மா கெடக்குன்னு வாடகைக்கு விட அது காலி வீடு இல்ல" என்றேன். "அது தாஷானோட உடம்பு. லியாங் சுமக்கறான்னா அது அவளா எடுத்த முடிவு. அதக் காட்டி இன்னொருத்திய மிரட்டாதீங்க."

"மிரட்டறேனா! பேரப் பிள்ள கேக்கறது மிரட்டறதா?" அவள் மீனைப் பையில் போட்டு என் கையில் திணித்தாள். கோபமாகத்தான் திணித்தாள். ஆனால் துண்டு பெரிய துண்டாகவே இருந்தது.

லியாங்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தபடி கேட்டாள். முடிவில், "பயந்துட்டான்" என்றாள்.

"பயந்தா? பயந்தா உன் முதுகுல ஏறி நின்னுக்கணுமா? பொய் சொல்லி, கவுன் தச்சு, அக்கான்னு கூப்பிட்டு... நீ அவன் கல்யாணத்துக்கே போக வேண்டாம்."

"போவேன்."

"எதப் போட்டுக்கிட்டு?"

"எங்கிட்ட இருக்கறதுல ஒரு சூட்டுதான் இப்ப பத்தும்." கிண்ணத்தை வைத்தாள். "எடம் குடுத்தா நிப்பேன். குடுக்கலன்னா உக்காந்து சாப்பிடுவேன். ஆனா என்னப் பாத்து அவனே சொல்லட்டும், நிக்காதன்னு. அம்மா பேரச் சொல்லாம."

கல்யாணத்தன்று மதியம் தாஷான் வீட்டுச் சந்து முழுக்கப் பந்தல். சிவப்பு விரிப்புப் போட்ட வட்ட மேசைகள். பந்தல் ஓரத்தில் சமையல்காரர்கள் ஆவி பறக்க மூங்கில் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு மேசையில் சட்டையில் குத்துகிற பூக்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிவப்பு நாடா, அதில் தங்க எழுத்தில் அவரவர் உறவு. மாப்பிள்ளை. மணப்பெண். தாயார். தோழன். தோழி.

அங்கே நின்ற உறவுக்காரப் பெண் லியாங்கின் முகத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். கை எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் பூக்களின் மேல் அலைந்தது. பிறகு, "உங்க பேருக்கு இதத்தான் எடுத்து வைக்கச் சொன்னாங்க" என்று ஒன்றைக் குத்திவிட்டாள். தோழி.

கரும்பச்சைக் கோட்டு. பள்ளம் விழுந்த டை முடிச்சு. சின்ன மலை போல ஏறி இறங்கும் வெயிஸ்ட்கோட்டு. நெஞ்சில் 'தோழி'. நான் அதைப் பிய்த்து எறியப் போனேன். லியாங் என் கையைத் தடுத்தாள்.

பந்தலின் முன்பக்கம் வரிசை நின்றிருந்தது. நடுவில் வெள்ளை சூட்டில் தாஷான். அவளுக்கு வலது பக்கம் ஷியாவ்ஹே நின்றாள். இடைவெளியே விடவில்லை. லியாங் நேராக நடந்துபோய் எதிரே நின்றாள்.

"தாஷான். நான் எங்க நிக்கட்டும்?"

சத்தமில்லாத கேள்விதான். ஆனாலும் பக்கத்து மேசைகளில் சூரியகாந்தி விதை உரிக்கிற சத்தம் நின்றது. தாஷான் கஃபை இழுத்தாள். "நான்தான் சொன்னேனே... ஜிங்வென் வெளிய வர்ற நேரம். எதிர எதிர பட்டுறக் கூடாது..."

அதற்குள் ஜிங்வென்னே வந்துவிட்டாள், தரையில் புரளும் பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. பின்னாலேயே தாஷானின் அம்மா, கையை ஆட்டி ஆட்டி, "பூவ மாத்து, பூவ மாத்து, மோதறதுக்குள்ள மாத்து!" என்று கத்திக்கொண்டு.

"மாத்தினாப் போச்சு, இவ்வளவுதானே?" ஜிங்வென் தன் நெஞ்சிலிருந்த பூவைக் கழற்றி லியாங்கின் கோட்டில் குத்தினாள். லியாங்கின் பூவை எடுத்துத் தன் மேல் குத்திக்கொண்டாள். இப்போது கல்யாணப் பெண் 'தோழி'. ஆறு மாத வயிறும் டையுமாக நின்ற லியாங் 'மணப்பெண்'. இரண்டு மூன்று மேசைகள் வெடித்துச் சிரித்தன. அது கெட்ட சிரிப்பு இல்லை. அதோடு நின்றிருந்தால் எல்லாம் நன்றாகவே முடிந்திருக்கும்.

தாஷானின் அம்மா நிற்கவில்லை. "இவளும் மாத்தணும்!" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "தாஷான், நீயும் மாத்துடி. நீயும் கல்யாணப் பொண்ணுதானே! ரெண்டு பொண்ணு, ரெண்டு பேரும் மாத்தினாத்தான் சரி!"

"ஆமா, அதுவும் பொண்ணுதானே" என்று யாரோ ஒரு சித்தி சிரித்தாள். "வெள்ளக் கோட்டுக்குள்ள!"

தாஷானின் முகத்தில் ரத்தமே இல்லை. நெஞ்சிலிருந்த 'மாப்பிள்ளை' நாடாவை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அவள் எதற்குப் பயந்து இத்தனையும் செய்தாளோ அது நடந்துகொண்டிருந்தது. அதுவும் அவள் அம்மா கையாலேயே. எனக்கு உள்ளுக்குள் ஒரு குரல், நன்றாக வேண்டும் என்றது. மறைப்பானேன், பெரிய குரல்தான்.

லியாங் ஒரு எட்டு முன்னால் வைத்து, அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் வயிற்றோடு நுழைந்தாள். வயிறு வந்ததும் அம்மா தன்னால் பின்வாங்கினாள்.

"அத்தை, சாஸ்திரம் என்ன சொல்லுது? கல்யாணப் பொண்ணு மாத்தணும்னுதானே?"

"ஆமா."

"மாத்தியாச்சு. இவன் மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குச் சாஸ்திரம் கிடையாது."

"என்னடி பேசற, நான் பெத்த பொண்ணு..."

"நீங்க பெத்ததுதான் அத்தை. யாரு இல்லன்னா? நாடாவுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. உங்க கைக்காசுல அச்சடிச்சதுதானே?" பிறகு அந்தச் சித்தியின் பக்கம் திரும்பினாள். வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே மரியாதைக் குரல். "சித்தி, சிரிச்சது போதும். சூப்பு ஆறுது."

ஷியாவ்ஹே தரையைப் பார்த்தபடி தாஷானை விட்டு ஒரு அடி தள்ளி நகர்ந்தாள். அவள் பக்கத்தில் நின்றவளும் நகர்ந்தாள். வரிசையே ஒரு அடி நகர்ந்தது. லியாங் தாஷானின் வலது பக்கம் போய் நின்று கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

போட்டோ எடுக்க வந்தவன் தயங்கினான். "சார்... மேடம்... அந்தப் பூ மணப்பெண்ணோடது..."

"எடுப்பா" என்றாள் லியாங். "கால் வீங்குது எனக்கு."

அப்படித்தான் அந்தப் படம் விழுந்தது. ஊர்வலமும் நடந்தது. மேளமும் பட்டாசும் முடிந்து மீன் பரிமாறும்போது லியாங்கால் நிற்க முடியவில்லை. அழைத்துப்போய் எங்கள் காரில், இருக்கையைச் சாய்த்துப் படுக்க வைத்தேன். ஷூவைக் கழற்றினேன். சாக்ஸின் விளிம்பு கணுக்காலில் குழியாகப் பதிந்திருந்தது. "போய்ச் சாப்பிடு. எனக்கும் கொஞ்சம் கட்டிட்டு வா" என்றாள்.

நான் மேசைக்குத் திரும்பிய சற்று நேரத்தில், தாஷானும் ஜிங்வென்னும் கோப்பையோடு மேசை மேசையாக வந்தார்கள். எங்கள் மேசையில் எல்லாரும் எழுந்து கோப்பையைத் தூக்கினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். தாஷான் பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்தாள். "எங்க?" என்றாள். முன்னால் அண்ணே, அக்கா என்று ஒரு உறவும் வைக்கவில்லை.

"கார்ல. படுத்திருக்கா."

"ஆஸ்பத்திரிக்கு..."

"வேண்டாம். நின்னதுல வந்த வீக்கம்தான்." மற்றவர்களுக்குக் கேட்குமே என்று நான் குரலைத் தாழ்த்தவில்லை. "உனக்காக நின்னா. நீ பயந்ததுக்கு அவ நின்னா. உங்க அம்மா பேசினது தப்பு, அத நான் சந்தையிலயே சொல்லிட்டேன். ஆனா அவங்க பேசின அதையேதான் நீ இவகிட்ட ரெண்டு வாரத்துக்கு முன்னாடி பேசின. அவங்க வாயால சொன்னாங்க. நீ துணியால சொன்ன."

"அண்ணி, இன்னிக்கு நாள்ல..."

"இன்னிக்கேதான். பிப்ரவரில பிரசவம். அந்த வார்டுல எல்லாம் பூப்போட்ட கவுனு. எல்லார் பக்கத்துலயும் புருஷங்க. நர்ஸ் உள்ள வந்ததும் என்னப் பாத்துதான் 'அம்மா வாங்க'ம்பா, ஒவ்வொரு தடவையும் அதான் நடக்குது. இவ பக்கம் திரும்பி 'கூட வந்தவரு வெளிய இருங்க'ம்பா. ஒவ்வொரு தடவையும் இவ சிரிச்சுக்கிட்டே விளக்கம் சொல்றா. அன்னிக்கு வலியோட அவளால விளக்கம் சொல்ல முடியாது. நீ வரணும். இந்த வெள்ளக் கோட்டுலயே வரணும். வாசல்ல நின்னு, உள்ள இருக்கற அந்தக் கிராப்புத் தலைதான் பிள்ளையோட அம்மான்னு கேக்கறவங்களுக்கெல்லாம் சத்தமாச் சொல்லணும். உன்னையும் சேத்து ஒரு மாதிரிதான் பாப்பாங்க. பாக்கட்டும்."

ஜிங்வென் தாஷானின் முதுகில் கை வைத்தாள். தாஷான் கோப்பையைப் பார்த்தாள். "வரேன்" என்றாள்.

கோப்பையை என் பக்கம் நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். நான் என்னுடையதை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் தனியாகவே குடித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

மீனும் ஒட்டரிசிச் சோறும் ஒரு டப்பாவில் கட்டிக்கொண்டு காருக்குப் போனேன். லியாங் கண்ணைத் திறக்காமலே கேட்டாள், "சண்டை போட்டியா?"

"போட்டேன்."

"என்ன சொன்னான்?"

"பிரசவத்துக்கு வரேன்னான்."

"வருவான்."

"நீ சொல்லுவ. வரட்டும், பாக்கலாம்" என்று டப்பாவைத் திறந்து அவள் வயிற்றின் மேல் வைத்தேன். அதற்குத் தோதான மேசை வேறு எதுவும் காரில் இல்லை. அவள் டையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.